மேலே டியூன் செய்து கீழே அறுத்த கதை: பழைய பவர் சா அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து

மரம் அறுக்கிற பழைய மிஷின் (பவர் சா) வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 106 சிசி ஜெர்மன் மிஷின். செயினையும் அது சுற்றி ஓடுகிற நீளப் பட்டையான பாரையும் கழற்றினாலும் பத்து கிலோவைத் தாண்டும். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட சாமான்களோடு சேர்த்து அப்பா விலைக்கு வாங்கியது. காற்றில் சாய்ந்த சீகை, கற்பூர மரம், அடுப்பு விறகு என்று வருடத்துக்கு நாலைந்து நாள்தான் அதற்கு வேலை. போன வருடம் கார்பரேட்டருக்கு புது டயாபிரம் போட்டு, எங்கள் வாசலிலேயே வைத்து, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைத் திருகி, சத்தம் நன்றாக வந்ததும் விட்டுவிட்டேன்.

காரமடையில் மாமா தோட்டத்தில் புளியமரம் ஒன்று விழுந்துவிட்டது. "மாப்ளே, உன் மிஷினைத் தூக்கிட்டு வா" என்றார். பிக்கப்பில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கினேன். கீழே வெயில் கொளுத்தியது. மிஷின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. இவ்வளவு கூராக அது ஒரு நாளும் கத்தியதில்லை. மாமாவிடம் பெருமை வேறு அடித்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லை. இரண்டு மூன்று விநாடி அப்படியே கத்திவிட்டு, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. கயிறை இழுத்தால் கல்.

சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் நெடுக்குவாக்கில் கோடு கோடாகக் கீறல், புது அலுமினியப் பாத்திரம் மாதிரி மின்னியது. அப்புறம்தான் உறைத்தது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர்தான். மேலே காற்று மெலிசு, அதற்கேற்ற அளவு பெட்ரோல் வைத்திருந்தேன். கீழே காற்று அடர்த்தி. அதே ஸ்க்ரூவில் பெட்ரோல் போதாமல் போய்விட்டது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். நான் ரசித்த அந்தக் கத்தல் மிஷினின் மரண ஓலம்.

போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்சுவர், தப்பித்ததா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்குக் கோவையில் சொல்லியிருக்கிறேன்.

பண்ணைக்காட்டிலிருந்து

அண்ணே, எனக்கு நேர்ந்தது இவ்வளவு பெரிய செலவில்லை, ஆனால் அதைவிட வெட்கக்கேடு.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொடைக்கானல் மலைப்பக்கம் வந்து போன மறுநாள் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் மரம். காப்பிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் பாதி படுத்துவிட்டது. எங்கள் பழைய மிஷின் ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிஷம் அறுக்கும், பசியில் மயங்குகிற மாதிரி இறங்கி நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஓடும். பிளக் மாற்றினேன். கார்ப் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். காயில் சூட்டில் செத்துவிடுகிறது என்று முடிவுகட்டி, காயில் வாங்க வத்தலக்குண்டு இறங்கலாமா என்றுகூட யோசித்தேன். ரோடு அடைத்திருந்ததால் பணம் தப்பித்தது.

வேலைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் பீடியைத் தூர எறிந்துவிட்டு வந்து, "நின்னதும் டாங்கி மூடியைத் திற தம்பி" என்றார். திறந்தேன். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியபின் ஒரே இழுப்பு, ஓடியது. அவ்வளவுதான். டாங்கிக்குள் காற்று போகிற துளையை மரத்தூளும் எண்ணெயும் அடைத்திருந்தன. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் ஏறி, கார்பால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை. அம்மாவின் மண்ணெண்ணெய் ஸ்டவ் பின்னை வாங்கிக் குத்தினேன். அந்தப் பின் இன்றைக்கும் என் டூல்ஸ் பையில்தான் இருக்கிறது.

நின்றுபோகிற மிஷின் எதுவானாலும் நான் இப்போது முதலில் மூடியைத்தான் திறந்து பார்க்கிறேன்.

கூடலூரிலிருந்து

எங்கள் ஊரில் ஜூன் பிடித்தால் துணியே காயாது, பாயிண்ட் எப்படிக் காயும்? என்னுடையது, பிளக்குக்குக் கரண்ட்டைத் தட்டிவிடுகிற பாயிண்டும் கண்டென்சரும் பிளைவீல் சக்கரத்துக்கு அடியில் உள்ள மாடல். மழைக்காலத்தில் காலையில் பிளக்கில் கரண்ட் வராது. மத்தியானம் ஒரு வெயில் அடித்தால் வரும். ஒருமுறை அடுப்படியில் கொண்டுபோய் வைத்து வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. பெட்ரோல் டாங்கியை அடுப்பு பக்கத்தில் வைத்தவனுக்கு அது தேவைதான்.

பிளைவீலைக் கழற்ற புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டி, காற்று வீசுகிற றெக்கை ஒன்றை உடைத்தேன். உடைந்த பிளைவீல் பேலன்ஸ் இல்லாமல் கையை உதறும். அதற்கு எதிர்ப்பக்கத்து றெக்கையையும் அதே அளவு உடைக்கச் சொன்னார் ஒருவர். செய்யவில்லை. பழைய இரும்புக் கடையில் வேறொன்று கிடைத்தது, புல்லரை லேத்தில் சொல்லிச் செய்து வாங்கினேன்.

பாயிண்டைப் பார்த்தால் மேலே சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய படலம். நைஸ் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு. நிறையப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உப்புத்தாளின் மணல் துகள் நடுவில் மாட்டினால் மறுபடி கரண்ட் வராது. வெள்ளைத் தாளைப் பெட்ரோலில் நனைத்து, கறுப்பு வராத வரை இழுக்க வேண்டும். பாயிண்ட் திறக்கிற கேப் 0.4 மில்லிமீட்டர், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு வைத்து. பிளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் போதும். சுத்தம் செய்த ஒரே வாரத்தில் பாயிண்ட் மறுபடி கருகினால் கண்டென்சரை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. மிஷின் எகிறினால் செயினை நிறுத்துகிற செயின் பிரேக் இல்லாத மிஷின் இது. பாரின் மூக்கு வேறொரு கட்டையில் பட்டு ஒருமுறை முகத்துக்கு நேரே எழும்பியது. அதிலிருந்து தனியாக இருக்கும்போது நான் அதைத் தொடுவதில்லை.

ஊட்டியிலிருந்து

மிஷின் பற்றி இல்லை, செயின் பற்றி ஒரு வரி. சீகை விறகைப் பிளக்கும்போது உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு இருக்குமே, அதைப் போல ஒன்றைப் பார்த்துத்தான் இன்றைய செயின் பல்லே வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, வண்டுப்புழு வாயை இடமும் வலமும் அசைத்து மரத்தைத் தின்பதைக் கவனித்து, 1947-இல் அதே மாதிரி பல் வைத்துச் செயின் செய்து விற்க ஆரம்பித்தார். பெரிய மிஷின்காரர்கள் .404 அங்குல அளவுச் செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் அரம் வாங்குங்கள். கையில் இருக்கிற சின்ன அரத்தால் ராவி வைத்தால் பல் கொக்கி மாதிரி வளைந்து மரத்தைக் கடிக்குமே தவிர அறுக்காது.

குன்னூரிலிருந்து

முப்பது வருஷம் இந்த வேலை செய்து ஓய்ந்தவன். கோத்தகிரி தம்பிக்குச் சொல்கிறேன், நீங்கள் மலை மேல் பழி போட்டுவிட்டீர்கள். மலை இறக்கம் மட்டும் மிஷினைக் கொல்லாது. எத்தனையோ மிஷின் மலைப்பாதையில் பர்லியார் தாண்டிக் கீழே போய் அறுத்துவிட்டு வந்திருக்கிறது. மூன்று விஷயம் சேர்ந்திருக்கும்.

ஒன்று நீங்கள் சொன்ன உயரம். இரண்டு, இப்போதைய பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 போதும். அதாவது பழைய அளவிலேயே ஸ்க்ரூ இருந்தால் பெட்ரோல் போதாத பக்கம்தான் போகும். எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊற வைக்கும். நம் ஊர் மூடுபனியில், ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, நிற்கிற வரை ஓட விடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆக்சிலேட்டரை விட்டும் ரேஸ் இறங்கவில்லை என்றீர்களே, அது எங்கிருந்தோ திருட்டுக் காற்று போகிற அடையாளம். கிராங்க் சீலை, அதாவது கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்றை அடைக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். புது பிஸ்டன் போட்டு அப்படியே ஓட்டினால் அதுவும் போகும். சைலன்சர் ஓட்டையையும் கார்ப் உட்காருகிற ஓட்டையையும் டயர் டியூப் துண்டு வைத்து இறுக்கி அடையுங்கள். பிளக் ஓட்டையில் குழாய் மாட்டி, பிரஷர் பார்க்கிற பழைய பி.பி. கருவியின் பம்ப்பால், அதன் முள் 250-ஐத் தொடும் வரை காற்றேற்றுங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

சீலை மாற்ற கிளட்ச்சைக் கழற்றும்போது பிஸ்டன் நகராமல் இருக்க பிளக் ஓட்டைக்குள் நைலான் கயிறைத் திணியுங்கள், ஸ்க்ரூ டிரைவரைத் திணிக்காதீர்கள். கிளட்ச் இடது மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும்.

டியூனிங் காதால்தான். கார்பில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக மூடி ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். முழு ரேஸில், மரத்தில் வைக்காதபோது சத்தம் கொஞ்சம் தடுமாற வேண்டும், பொடபொடவென்று. மரத்தில் அழுத்தியதும் சுத்தமாக வேண்டும். காற்றிலேயே சுத்தமாகக் கத்தினால் நிறுத்திவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

ஐயா, நீங்கள் சொன்னது சரி. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் பழைய பி.பி. கருவி வாங்கினேன். 250 ஏற்றினேன், முள் கண் முன்னாலேயே சரிந்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் பிளைவீல் பக்கத்து சீல் ஓரத்தில் கடுகு மாதிரி குமிழி ஒன்று வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. சீலை நகத்தால் அழுத்தினால் காய்ந்த புளியங்கொட்டை மாதிரி கெட்டி.

போரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை, கையுறை போட்டு, வாசலில் உட்கார்ந்து, காது குடையும் பட்ஸில் பாத்ரூம் ஆசிட் தொட்டுத் தொட்டு எடுத்தேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. அடியில் முலாம் அப்படியே இருக்கிறது, விரலை ஓட்டினால் தட்டவில்லை. இரண்டு சீல், பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டு, இந்த முறை 250-இல் பத்து நிமிஷம் முள் அசையவில்லை.

லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து இங்கே ஓட்டி, ஸ்க்ரூ நிற்கிற இடத்தில் வீட்டுக்காரியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த ஞாயிறு காரமடை போய், கீழே வேண்டிய இடத்துக்கு இன்னொரு புள்ளி வைக்க வேண்டும். மாமா அந்தப் புளியமரத்தில் பாதியை எனக்காக அப்படியே போட்டு வைத்திருக்கிறார்.