2026 செனட், ஆளுநர் தேர்தல்கள்: எதை வைத்துக் கணிப்பது?

கேள்வி – இளங்கோ

வணக்கம். 2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 35 இடங்களுக்கும் 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிகளுக்கும் தேர்தல் நடக்கிறது. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள் உள்ளன. ஜனநாயகக் கட்சிக்கு, அதன் பக்கம் அமரும் இரு சுயேச்சைகளையும் சேர்த்து, 47. ஐம்பதுக்கு ஐம்பது என்று வந்தால் குடியரசுக் கட்சித் துணை அதிபர் வான்ஸின் வாக்கு முடிவு செய்துவிடும் என்பதால், ஜனநாயகக் கட்சி நிகரமாக நான்கு இடங்களைக் கைப்பற்றியாக வேண்டும். அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் அவருடைய கட்சி சரிவது வழக்கம் என்பதையும் கருத்துக்கணிப்புகளின் சராசரியையும் வைத்து மாநிலவாரியாக ஒரு பட்டியல் போட்டு வருகிறேன். ஆனால் கென்டக்கி, கான்சஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரராகவும் செனட்டர்கள் குடியரசுக் கட்சியினராகவும் இருப்பதைப் பார்த்தால், எந்த அளவுகோலை நம்புவது என்று புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – நிலவழகி

முதலில் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆளுநர் தேர்தலில் வாக்காளர் ஆளைப் பார்க்கிறார். செனட் தேர்தலில் வாஷிங்டனில் எந்தக் கட்சியின் கை ஓங்க வேண்டும் என்று பார்க்கிறார். வெர்மான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 2024 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்த அதே வாக்காளர்கள், அதே நாளில், குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டை 70 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து மீண்டும் ஆளுநராக்கினார்கள். செனட்டில் இப்படி நடப்பது அரிதாகிவிட்டது. 2016இல் ஒவ்வொரு மாநிலத்திலும் அதிபர் தேர்தலில் வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. 2020இல் மெய்ன் மட்டும் விலகி நின்றது. 2024இல் டிரம்ப் வென்ற அரிசோனா, நெவாடா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய நான்கில் ஜனநாயகக் கட்சி செனட் இடத்தைப் பிடித்தது உண்மைதான் என்றாலும், எங்குமே வித்தியாசம் மூன்று சதவீதப் புள்ளியைத் தொடவில்லை.

மக்கள் செல்வாக்குள்ள ஆளுநர் ஒருவர் செனட்டுக்கு நின்றால் அந்தச் செல்வாக்கும் கூடவே வரும் என்று பலர் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். டென்னசியில் ஃபில் பிரெடிசன் (2018), மொன்டானாவில் ஸ்டீவ் புல்லக் (2020), மேரிலாந்தில் லாரி ஹோகன் (2024) ஆகிய மூவரும் மாநிலம் எதிர்க்கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தும் இருமுறை ஆளுநராக வென்றவர்கள். மூவருமே செனட் போட்டியில் பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ பின்தங்கித் தோற்றார்கள். இதே அளவுகோலை வடக்கு கரோலினாவில் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட்டுக்கு நிற்கும் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பருக்கும் வைத்துப் பாருங்கள். அங்கே டிரம்ப்பின் 2024 வித்தியாசம் சுமார் 3 புள்ளிதான். பதவியில் இருக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் டில்லிஸ் போட்டியிடவில்லை. டிரம்ப் அம்மாநிலத்தை வென்ற 2016, 2020 இரண்டிலும் கூப்பர் ஆளுநராக வென்றார். 2008க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்காரர் எவரும் அங்கே செனட்டுக்கு வென்றதில்லை என்றாலும், ஹோகனைப் போல மலையேற வேண்டிய நிலை கூப்பருக்கு இல்லை. என் பட்டியலில் அந்த இடம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது.

பதில் – பூபதி

அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இளங்கோ அவர்கள் நம்பியிருக்கும் அந்த 'வழக்கம்' செனட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 2018இல் ஜனநாயகக் கட்சி கீழவையான பிரதிநிதிகள் அவையில் சுமார் 40 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. அதே இரவில் செனட்டில் இண்டியானா, மிசூரி, வடக்கு டகோடா, ஃப்ளோரிடா ஆகியவற்றை இழந்து, நெவாடாவையும் அரிசோனாவையும் மட்டுமே பிடித்தது. எந்தெந்த மாநிலங்கள் அந்த ஆண்டு தேர்தலுக்கு வருகின்றன என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். இம்முறை குடியரசுக் கட்சி தக்கவைக்க வேண்டிய இடங்களில் ஹாரிஸ் வென்ற மாநிலம் மெய்ன் ஒன்றுதான். மெய்னும் வடக்கு கரோலினாவும் கிடைத்து, இப்போது ஜனநாயகக் கட்சியிடம் உள்ள ஜார்ஜியாவும் மிச்சிகனும் நிலைத்தாலும், மேலும் இரண்டு இடங்களை ஓஹாயோ, டெக்சஸ், அயோவா, அலாஸ்கா போன்ற, டிரம்ப் பத்துப் புள்ளிக்கு மேல் வென்ற மாநிலங்களில்தான் தேட வேண்டும்.

சராசரியை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை. 2020இல் மெய்ன் செனட் கருத்துக்கணிப்புகள் ஜனநாயகக் கட்சியின் சாரா கிடியனையே முன்னிலையில் காட்டிவந்தன. குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் 8 புள்ளிக்கு மேல் வென்றார். 2025 நவம்பரில் நியூ ஜெர்சியில் பிழை எதிர்த்திசையில் போனது: நெருக்கமான போட்டி என்று பேசப்பட்டதில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் 13 புள்ளிக்கு மேல் வென்று ஆளுநரானார். திசையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தேர்தலில் பிழை பல மாநிலங்களில் ஒரே பக்கம் சாய்வது அடிக்கடி நிகழ்கிறது. அதனால் நான்கு மாநிலங்களிலும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், நான்கையும் வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்று என்று பெருக்கிவிடாதீர்கள். ஒன்று கிடைத்தால் மற்றவையும் கிடைக்க வாய்ப்புண்டு என்பதால் உண்மையான வாய்ப்பு அதைவிட அதிகம்.

இளங்கோ

இருவருக்கும் நன்றி. பட்டியலைப் பிரித்துவிட்டேன். நவம்பர் 3 இரவே முடிவு தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாமா?

பூபதி

வேண்டாம். ஜார்ஜியாவில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவருக்கிடையே நான்கு வாரம் கழித்து மறுசுற்று நடக்கும். மெய்ன், அலாஸ்கா இரண்டிலும் செனட்டுக்கு வேட்பாளர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்ப வரிசை வாக்குமுறை இருப்பதால் எண்ணிக்கை இழுக்கலாம். நெப்ராஸ்காவில் நிற்கும் சுயேச்சை டான் ஆஸ்போர்னுக்கும் உங்கள் பட்டியலில் தனி வரிசை போடுங்கள். 2024இல் 7 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றவர், வென்றால் எந்தக் கட்சியோடும் சேரமாட்டேன் என்று அப்போது சொல்லியிருந்தார்.