ஜெல் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகப் பக்கம் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? மகள் பாலிடெக்னிக்கில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று அங்கே செய்தார்கள்; அதன் படத்தில்தான் குழப்பம். நான் கணக்கு எழுதுகிறவன், எட்டியவரை படித்துப் பார்த்தேன்.

வெட்டாத பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) ஓடிய தடத்தில் இரண்டு பட்டைகள். அது சரிதான்: இறுக முறுக்கிய வளையம் வேகமாக ஓடும், ஓர் இழை அறுந்து தளர்ந்தது பின்தங்கும். சிக்கல், ஈகோ ஆர்1 என்ற நொதியால் வெட்டிய பிளாஸ்மிட் ஓடிய பக்கத்துத் தடத்தில். இந்த நொதி டிஎன்ஏவை ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்து வரிசையில்தான் வெட்டும். இந்தப் பிளாஸ்மிட்டில் அந்த இடம் ஒன்றே ஒன்று. வளையம் திறந்து ஒரே பட்டையாக வரவேண்டும். வந்திருக்கிறது, ஆனால் பழைய இரண்டும் மங்கலாகக் கூடவே நிற்கின்றன. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தார்களாம்.

நொதி போதவில்லையா, இல்லை பிளாஸ்மிட்டைச் சுத்தம் செய்தபோது தங்கிய எத்தனால் தடுத்ததா? எதை மாற்றிப் பார்த்தால் தெரியும்? ஆசிரியரைக் கேட்கலாம் என்றால் இப்போது விடுமுறை. அறிக்கையை அடுத்த திங்கள் கொடுக்க வேண்டும். படத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.