ஐஸ்லாந்துக் குதிரையின் ஐந்தாவது நடை: ஓர் எழுத்து மாற்றம் போதுமா?

கேள்வி:
வணக்கம். கல்லூரியில் மரபியல் பயில்கிறேன். ஐஸ்லாந்துக் குதிரைகளில் சிலவற்றுக்கு நான்கு நடைகளும் (அதாவது கால்களை எடுத்துவைக்கும் முறைகளும்) சிலவற்றுக்கு ஐந்து நடைகளும் இருப்பதற்கு, மரபணுத்தொகையில் ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்று படித்தேன். எலும்பு, தசை, நரம்பு, பயிற்சி எனப் பலவும் சேர்ந்து அமையும் நடையை ஓர் எழுத்து எப்படித் தீர்மானிக்கும்? அப்படித் தீர்மானிக்கிறதென்றால், ஒரே இனத்துக்குள் இரு வகைகளும் எப்படி நிலைத்திருக்கின்றன?

பதில் 1:
ஐந்தாவது நடையான 'பேஸ்' என்பதில் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து எழும். 'டிராட்' நடையிலோ மூலைவிட்டமாக, வலது முன்னங்காலுடன் இடது பின்னங்கால் எழும். ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர் 40 ஐந்து நடைக் குதிரைகளையும் 30 நான்கு நடைக் குதிரைகளையும் ஒப்பிட்டு, 23-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் வேறுபாட்டைக் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டனர். அங்கே 'சி' என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' வந்துவிட்டால், புரதத்தின் தயாரிப்பு இடையிலேயே நின்று, கடைசி 174 அமினோ அமிலங்கள் இல்லாமற் போகின்றன. இம்மரபணு வேலை செய்யும் இடம்தான் முக்கியம்: கால்களின் அசைவை ஒருங்கிணைக்கும் தண்டுவட நரம்பணுக்கள் அவை. தசை அப்படியே இருக்க, அதற்குச் செல்லும் கட்டளையின் ஒழுங்கு மாறுவதால்தான் ஓர் எழுத்துக்கு இவ்வளவு வலிமை.

பதில் 2:
முந்தைய பதிலுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஐந்து நடைக் குதிரைகள் ஏறத்தாழ எல்லாமே, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இம்மரபணுவின் இரு பிரதியிலும் 'ஏ' உடையவை; ஆனால் இரண்டு 'ஏ' இருந்தும் நான்கு நடையோடு நிற்கும் குதிரைகள் கணிசமாக உள்ளன. ஆகவே அது தேவையான நிபந்தனை, போதுமானது அன்று. பயிற்சிக்கும் பிற மரபணுக்களுக்கும் அங்கே இடமுண்டு. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதை ஒட்டியே வருகிறது. 'சி' உடைய குதிரைகள் டிராட்டிலும் பாய்ச்சலிலும் மேலான மதிப்பெண் பெறுகின்றன; வளர்ப்போர் இரு திறன்களையும் விரும்பியதால் இரண்டு எழுத்துகளும் தங்கிவிட்டன என்றே நான் கருதுகிறேன். அமெரிக்க ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளின் கதை வேறு. வண்டிப் பந்தயத்தில் குதிரை பாய்ச்சலுக்கு மாறுவது குற்றம். அம்மாற்றத்தை 'ஏ' தடுப்பதால், அங்கே 'சி' ஏறத்தாழ மறைந்தே விட்டது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இம்மாற்றம் ஐஸ்லாந்திலேயே தோன்றியதா?

பதில் 2:
அப்படித் தோன்றவில்லை. 141 இனங்களைச் சேர்ந்த 4,396 குதிரைகளைச் சோதித்தபோது 68 இனங்களில் இது காணப்பட்டது. பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், கி.பி. 850–900 காலத்து இங்கிலாந்துக் குதிரைகள் இரண்டிலும், 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான ஐஸ்லாந்துக் குதிரைகள் 13-இல் 10-இலும் இதைக் கண்டனர். அதே காலத்து ஐரோப்பியப் பெருநிலக் குதிரைகளில் காணவில்லை. எனவே பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வைக்கிங்குகள் கப்பலில் கொண்டுசென்ற குதிரைகளோடு இது ஐஸ்லாந்தை அடைந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு.