தூண்டில் ராட் நுனி வளையம் போச்சு, கரையிலேயே சரிபண்ண வழி உண்டா?

கேள்வி: உவரியில் பாறை மேல் நின்று பாரை மீனுக்கு லூர் (செயற்கை இரை) எறியும்போது ராட் நுனி வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் கழன்று விழுந்துவிட்டது. வெறும் கம்பியில் பிரெய்டு (பின்னல் நூல்) ஓடினால் அறுந்துவிடுமா? கடைக்குத் திருநெல்வேலி வரை போகணும்.

பதில் 1: நைந்து அறுந்துவிடும் அண்ணாச்சி, அதில் எறியாதீர்கள். மாற்று நுனி வளையம் ஒன்று எப்போதும் பையில் கிடக்கட்டும். லைட்டரில் அதன் குழாயை மட்டும் லேசாகச் சூடாக்கினால் பழைய பசை இளகும், நேராக இழுங்கள். தீ ராட்டின் கார்பன் தண்டில் படவே கூடாது. அப்புறம் பசைக்குச்சியை உருக்கித் தடவிச் செருகி, பசை ஆறுவதற்குள் மற்ற வளையங்களோடு ஒரே நேராக இருக்கிறதா என்று கண் வைத்துப் பார்த்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பதில் 2: நுனி வளையத்துக்கு ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம், அடுத்த தடவை கழற்றுவது பெரும்பாடு.

பதில் 3: நடு வளையத்தின் கால் (ராட்டோடு சேரும் பகுதி) ஆடினால் பிரெய்டையே நெருக்கிச் சுற்றிக் கட்டி மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அன்றைய பொழுது ஓடிரும்.