ஷோகுன் டவர்: வியூகமா, அதிர்ஷ்டமா?

கோட்டைக்காவலன்:
டிர்க் ஹென் வடிவமைத்து 2006இல் க்வீன் கேம்ஸ் வெளியிட்ட ‘ஷோகுன்’ பலகை விளையாட்டு பற்றித்தான் கேட்கிறேன். பத்துச் செயல்களுக்கும் எந்தெந்த மாகாணம் என்று ரகசியமாக அட்டை வைக்கிறோம், பணப்பெட்டியை எண்ணுகிறோம், குளிர்காலத்துக்கு அரிசி தேறுமா என்று கணக்குப் பார்க்கிறோம். இவ்வளவும் செய்த பிறகு சண்டை வந்தால், இரு தரப்புப் படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகளையும் அள்ளி, உள்ளே தடுப்புகள் உள்ள டவர் என்ற சின்னக் கோபுரத்துக்குள் கொட்ட வேண்டும். சில உள்ளே சிக்கிக்கொள்ளும். கீழே வந்து விழுவதுதான் படை. ஆறு கட்டையோடு போனவர் மூன்று கட்டையிடம் தோற்கிறார். இதை வியூகம் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் பகடையே உருட்டலாமே.

நெல்மூட்டை:
பகடைக்கு ஞாபகம் கிடையாது நண்பரே, டவருக்கு உண்டு. சிக்கிய கட்டை செத்துப்போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. வேறு இருவர் சண்டையில் அது வெளியே விழுந்தால் கீழ்த்தட்டிலேயே கிடக்கும், அடுத்த சண்டையில் சேர்ந்து உள்ளே போகும். தட்டில் உங்கள் நிறம் மூன்று கிடக்கும்போது உங்களை யாராவது சீண்டுவார்களா? போன சண்டையில் எவ்வளவு சிக்கியது என்று நினைவில் வைத்திருப்பவருக்கும் வைக்காதவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

கோட்டைக்காவலன்:
உள்ளே இருப்பது தெரியும், சரி. எப்போது விழும் என்று தெரியாதே! எண்ணிப் பாருங்கள்: இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு இரண்டு தாக்குதல். முழு ஆட்டத்திலும் ஒருவருக்கு அதிகபட்சம் 12 தாக்குதல்தான். முக்கியமான ஒன்றிரண்டு சொதப்பினால் அதை ஈடுகட்ட ஆட்டத்தில் இடமே இல்லை. அதனால்தான் ரெய்னர் க்னிசியாவின் ‘சாமுராய்’ எனக்கு உசத்தி. 1998இல் வந்தது. ஊரைச் சுற்றியுள்ள நிலக்கட்டங்கள் நிரம்பியதும் யாருடைய செல்வாக்கு அதிகமோ அவருக்கே புத்தர் சிலையும் நெல்லும் தலைக்கவசமும். எல்லாம் மேசைமேல் கண்ணெதிரே நடக்கிறது.

நெல்மூட்டை:
‘சாமுராய்’ ஆட்டத்திலும் திரைக்குப் பின்னால் ஐந்து ஓடு (பலகையில் வைக்கும் சில்லு) வைத்திருக்கிறோமே, அதில் எது வரும் என்பதும் அதிர்ஷ்டம்தானே?

கோட்டைக்காவலன்:
எல்லோரிடமும் அதே 20 ஓடுகள். என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். டவரில் அது முடியாது.

மழைக்குருவி:
இருவரும் பச்சைக் கட்டைகளை விட்டுவிட்டீர்கள். அவை விவசாயிகள். ஒரே மாகாணத்தில் அரிசியையும் பிடுங்கி வரியையும் பிடுங்கினால் கலகம் வெடித்து அவர்கள் உங்களுக்கு எதிராக டவரில் விழுவார்கள். அமைதியாக விட்டுவைத்த மாகாணத்தை எதிரி தாக்கினால், தட்டில் இருக்கும் அதே பச்சைகள் உங்கள் பக்கம் நிற்பார்கள். ஆக, சண்டையின் முடிவில் பாதி நீங்கள் வரி போட்ட அன்றே தீர்மானமாகிவிடுகிறது. சரித்திரமும் அப்படித்தான். ஜப்பானின் காகா மாகாணத்தில் 1488இல் இக்கோ-இக்கி என்ற பௌத்தப் பிரிவுக் கலகக்காரர்கள் ஆளுநரையே வீழ்த்தி, கிட்டத்தட்ட நூறு வருடம் அதைக் கையில் வைத்திருந்தார்கள். குடிமக்களை எண்ணாத சாமுராய் விளையாட்டு எனக்குக் குறைபட்டதாகவே தெரிகிறது.

நெல்மூட்டை:
அருமை. ஜப்பானின் செகிகஹாரா போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1600இல் கொபயகாவா ஹிதேயாகி மலைமேல் படையோடு நின்றவர், நடுச்சண்டையில் கட்சி மாறி இறங்கினார். உள்ளே சிக்கிய கட்டை எந்தப் பக்கம் விழும் என்ற அதே பதைப்பு!

கோட்டைக்காவலன்:
அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ஹிதேயாகியோடு, அந்தப் போரில் வென்ற தொகுகவா இயெயாசுவின் தரப்பு முன்கூட்டியே பேசிவைத்திருந்தது. அது தானாக விழுந்த கட்டை இல்லை, திட்டம் போட்டு விழவைத்தது. 2011இல் வந்த ‘செகிகஹாரா’ விளையாட்டில் பகடையே கிடையாது. எதிராளி விசுவாசத்தைச் சோதிக்கும் சீட்டை இறக்கினால், அந்தக் குலத்தின் சீட்டு கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படை கட்சி மாறிவிடும். துரோகம்கூட அங்கே கைச்சீட்டை எப்படிச் சேமித்தோம் என்பதில் இருக்கிறது.

மழைக்குருவி:
அது இருவர் ஆட்டம். ஐந்து பேர் உட்கார்ந்தால் என்ன செய்வது? அப்போது நான் ஷோகுனைத்தான் எடுப்பேன். பல மாகாணங்கள் சேர்ந்த வட்டாரத்தில் கோட்டைப் பெரும்பான்மைக்கு 3 புள்ளி, கோயிலுக்கு 2, நாடக அரங்குக்கு 1. டவரை நம்பாதவர் அதிகம் சண்டைக்குப் போகாமல் கட்டிக்கொண்டே போகலாம். அவரை மற்றவர்கள் விட்டுவைப்பார்களா என்பதுதான் கேள்வி.