மறுமொழி: தோலில் தோன்றும் நுரையீரல் புற்றுக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

நுரையீரலில் தொடங்கித் தோலுக்கு வரும் புற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு உங்களில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'படர்புற்று' என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். படர்தாமரை கண்ட சனம் நாங்கள். தோலில் வருவதற்குப் 'படர்' என்று பெயர் வைத்தால் முதலில் பூசுமருந்தைத்தான் தேடுவார்கள். இந்த நோய் படர்வதும் இல்லை. நுரையீரற் புற்றின் கலங்கள் (செல்கள்) குருதியோடும் நிணநீரோடும் போய், எங்கோ தூரத்தில் தங்கி வளர்கின்றன.

எனக்கு இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். களுவாஞ்சிக்குடியில் என் மாமாவுக்குத் தலையில் ஒரு கட்டி வந்தது. நோவில்லை, கல் மாதிரி இறுக்கம். மூன்று கிழமை பத்துப் போட்டோம். பிறகு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தபோதுதான் நுரையீரலில் தொடங்கியது என்று தெரிந்தது. அதுவரை அவருக்கு இருமல்கூடப் பெரிதாக இல்லை. நுரையீரற் புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 1 முதல் 12 பேருக்குத்தான் அது தோலுக்கு வருமாம். அவர்களிலும் சிலருக்கு அந்தக் கட்டிதான் முதல் அடையாளம். யாரோ ஒருவர் துண்டுச்சீட்டில் 'தோற்புற்று' என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமி அதை வாசித்துவிட்டு, "தோல்தானே மகன், வெட்டி எடுத்தாச் சரி" என்று ஆறுதலாக வீட்டுக்கு வந்தார். அந்த ஆறுதலை நான்தான் கலைக்க வேண்டியிருந்தது.

ஆகவே எங்கே தொடங்கியது, எங்கே வந்தது என்ற இரண்டும் சொல்லில் தெரிய வேண்டும். தோலில் இருந்தாலும் அது நுரையீரற் கலம்தான். மருந்தும் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

'இடம்பெயர்வு' வேண்டாம். ஆட்கள் இடம்பெயர்ந்தால் வீடு வெறுமையாகும். 2006இல் போருக்குத் தப்பி வாகரையிலிருந்து வந்த சனத்தை நாங்கள் பார்த்தோம். புற்று அப்படி விட்டுவிட்டு வருவதில்லை, தொடங்கிய இடத்திலும் இருந்துகொண்டே இருக்கும். அதோடு, அந்தச் சனம் பட்ட பாட்டின் சொல்லை நோய்க்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. 'மூலப்புற்று' என்றால் மூலவியாதி என்று நினைப்பார்கள். 'வழிப்புற்று' எனக்குப் பிடித்தது. வழித்தோன்றல் என்ற பொருளும் வரும். ஆனால் 'தோல்வழிப்புற்று' என்று சேர்த்தால் தோலின் வழியாக வந்தது என்று தலைகீழாகிவிடுகிறது.

என் முன்மொழிவு: முதற்புற்று, புகுபுற்று. 'புகுபுற்று' வினைத்தொகை. புகுந்த, புகுகின்ற, புகும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். நோயின் போக்கும் அதுதான். துண்டில் "முதற்புற்று நுரையீரலில், புகுபுற்று தோலில்" என்று எழுதலாம். ஈரலுக்கோ எலும்புக்கோ போனாலும் இதே சொல் உதவும்.

நேற்று மாமியிடம் அப்படியே எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நெஞ்சுக்குள்ள இருந்தா வந்தது?" என்று கேட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இப்படிப் புகும் நிகழ்வுக்குப் பெயர் என்ன? 'புகல்' என்றால் எங்களுக்கு அடைக்கலம். 'புகுகை' சரிவருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.