பழைய கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகச் செல்கிறது என்று தெரியவில்லை: சனிக்கிழமை தோண்ட வேண்டும், உதவி தேவை

புதுக்குடித்தனம்:
வணக்கம். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் கழிவுநீர் அடிக்கடி எதிர்த்து வருகிறது. குழாய் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பிவிசி போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலைக்கு ஜேசிபி சொல்லியிருக்கிறேன். பழைய குழாய் எந்த வழியாகச் செல்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு வரைபடம் எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டா? தெரிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

வடசென்னைவாசி:
எந்த ஊர் என்று சொல்லவில்லையே, நண்பரே. பாதாள சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்க்கா? குழாய் பிவிசியா, பழைய ஸ்டோன்வேரா (மெருகிட்ட சுட்ட மண் குழாயா)? எல்லா நாளும் எதிர்த்து வருகிறதா, மழை பெய்தால் மட்டுமா? இவை தெரியாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

கொத்தனார் மகன்:
மழை நாளில் மட்டும்தான் வருகிறது என்றே நினைக்கிறேன். பழைய வீடுகளில் மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் (குழாயைத் திறந்து பார்க்கக் கட்டிய மூடியுள்ள தொட்டியில்) இணைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. நான்கு அங்குலக் குழாய் அந்த வெள்ளத்தைத் தாங்காது. மழைநீர்க் குழாயைப் பிரித்துவிட்டாலே போதும், தோண்டவே வேண்டியிருக்காது. நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் இதுதான் காரணம்.

கிணற்றடி:
கருவிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? எல் வடிவில் வளைத்த செம்புக் கம்பிகள் இரண்டைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால், குழாய் இருக்கும் இடத்தில் இரண்டும் குறுக்கே சேரும். எங்கள் ஊரில் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவர் இதே முறையில் குழாய்களையும் காட்டிக்கொடுக்கிறார்.

நிலத்தடி:
இதே கேள்வி இங்கே மழைக்காலம்தோறும் வருகிறது. இங்குள்ள பழைய உரையாடல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த அவசரம் நேர்ந்திருக்காது. ஆனாலும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

கழிவுநீர்க் குழாயை மேலிருந்து தேடுவதில்லை, உள்ளிருந்துதான் தேட வேண்டும். ஸ்டோன்வேரும் பிவிசியும் உலோகம் அல்ல என்பதால், மின்கம்பி தேடும் கருவி அவற்றை உணரவே உணராது. வளையும் தண்டின் நுனியில் கேமராவும், அதன் பின்னால் சோண்ட் எனப்படும் சிறு அலைபரப்பியும் பொருத்திச் சேம்பர் வழியாக உள்ளே தள்ளுவார்கள். வழக்கமாக 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பயன்படுத்துவார்கள், ஏனெனில் வார்ப்பிரும்புக் குழாயைக்கூட அது ஊடுருவி வரும். மேலே ஒருவர் அந்த அலையை வாங்கி ஒலி எழுப்பும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சோண்டுக்கு நேர் மேலே ஒலி உச்சத்தை எட்டும்; அதற்கு முன்னும் பின்னும் ஒலி அடங்கிப் போகும் புள்ளி ஒவ்வொன்று இருக்கும், அவற்றையும் தாண்டினால் மீண்டும் சிறிதாக எழும். அந்தப் பொய் உச்சத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் தவறான இடத்தில் தோண்டுகிறார்கள். ஆகவே இரண்டு அடங்கு புள்ளிகளையும் பார்த்து, அவற்றின் நடுவில் உள்ள உச்சத்தில் மட்டுமே சுண்ணாம்பால் குறியிட வேண்டும்.

இன்னொன்று. பழைய வீடுகளில் மதிலை ஒட்டிய கடைசிச் சேம்பரில் மாஸ்டர் ட்ராப் (தெருச் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் வராதபடி நீர் தேங்கி நிற்கும் வளைவு) இருக்கும். அதன் வளைவில் கேமரா திரும்பாது. ட்ராப்புக்கு மேலே மூடியிட்ட துணைக் குழாய் ஒன்று இருக்கும். அந்த மூடியைக் கழற்றித்தான் தெருப் பக்கமாகத் தள்ள வேண்டும். இது தெரியாத ஆளை அழைத்தால் குழாயே அடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்.

புதுக்குடித்தனம்:
சென்னைதான், பாதாள சாக்கடை இணைப்பு. மழை இல்லாத நாளிலும் எதிர்த்து வருகிறது. குழாய் பழுப்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கிறது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள பத்தடி இடத்தில்தான் சேம்பர்கள் உள்ளன, மின் மீட்டர் பெட்டியும் அதே பக்கம்தான். ஆள் ஒருவரை மேன்ஹோலில் இறக்கிப் பார்க்கச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார். அது விரைவாக முடியுமா?

தோழமை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ பாதுகாப்பின்றி ஒருவரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தேங்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகும் என்பதால், இறங்கியவர் நாற்றம் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுகிறார். உங்கள் வீட்டுச் சேம்பரைத் திறக்கும்போதுகூட மூடியை எடுத்துவிட்டுச் சற்று நேரம் விலகி நில்லுங்கள், முகத்தை உள்ளே நீட்டாதீர்கள்.

வடசென்னைவாசி:
பளபளப்பான பழுப்பு என்றால் ஸ்டோன்வேர்தான். துண்டு துண்டாக வைத்துச் சணலும் சிமெண்டும் கொண்டு மூட்டுப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு விரிந்த இடத்தில்தான் வேர் நுழையும். முதலில் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்யுங்கள். எதிர்த்து வரும் நேரத்தில் கடைசிச் சேம்பரைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையில் இருக்கிறது. அது நிறைந்திருந்தால் பிரச்சினை அதற்குப் பின்னால், அதாவது ட்ராப்பிலோ, தெருவை நோக்கிச் செல்லும் துண்டிலோ, தெருக் குழாயிலோ இருக்கிறது. தெரு மேன்ஹோலை நீங்கள் திறக்க வேண்டாம், 1916-க்கு அழைத்துக் குடிநீர் வாரியத்தில் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து ஜெட் ராடிங் வண்டி (நீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் வண்டி) வரும். பிறகு ஒவ்வொரு கழிப்பறையிலும் சொட்டு நீலம் கலந்த நீரை ஊற்றி, எந்தச் சேம்பரில் நீலம் தெரிகிறது என்று பார்த்தால் எந்தக் குழாய் எதில் சேருகிறது என்பது விளங்கிவிடும். இரண்டு சேம்பர்களுக்கு நடுவே கயிறு கட்டினால் அதுவே பெரும்பாலும் குழாயின் பாதை.

மின்தடம்:
மின்வாரியத்தில் புதைவட (மண்ணுக்குள் புதைக்கும் மின்கம்பி) பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் சாக்கடையையே பார்க்கிறீர்கள், மீட்டர் பெட்டி அதே பக்கத்தில் இருக்கிறது என்று அவர் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. தம்பி, உங்கள் தெருவில் கம்பங்களில் கம்பி போகிறதா, அல்லது நடைபாதையில் பில்லர் பாக்ஸ் (புதைவடத்தைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பும் பெட்டி) இருக்கிறதா? பில்லர் பாக்ஸ் என்றால் அங்கிருந்து உங்கள் மீட்டருக்கு வடம் அந்தப் பத்தடி இடத்தில்தான் வந்திருக்கும், குழாய்க்கு இணையாகவோ குறுக்காகவோ.

இந்தியத் தர நிர்ணயம் 1255-இன்படி தாழ்வழுத்த வடம் 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் வடம் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆனால் வீட்டு வளாகத்துக்குள் அந்த ஆழத்தை நம்ப முடியாது. பின்னாளில் கார் ஏறுவதற்காகச் சரிவு வெட்டியிருந்தால் வடத்துக்கு மேல் ஒரு சாண் மண்கூட இல்லாமல் போயிருக்கும். மண்ணுக்குள் மணலும் அதன் மேல் வரிசையாகச் செங்கல்லும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அடியில் வடம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எல்லா இடத்திலும் செங்கல் வைத்திருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். கடப்பாரை வேண்டவே வேண்டாம், மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

கிணற்றடி:
கம்பி முறையை யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் பெரிய நீர் நிறுவனங்கள் பலவற்றில் பணியாளர்கள் சிலர் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2017-இல் செய்தி வெளிவந்தது. அவர்கள் அறியாதவர்களா?

நிலத்தடி:
அதே செய்தியில் அறிவியலாளர்கள் அதை எப்படிக் கண்டித்தார்கள் என்பதையும் படித்திருக்கலாம். நகரத்தில் எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒரு குழாய் அகப்படும், ஆகவே கம்பி எங்கே சேர்ந்தாலும் சரியாகத்தான் தோன்றும். கிணறு தவறினால் பணம்தான் போகும், மின்வடம் தவறினால் தோண்டுபவரின் உயிர் போகும். ஓரளவு தெரிந்தவர்கள் தரை ஊடுருவு ரேடார் கேட்கலாம். அது பிளாஸ்டிக்கையும் கல்லையும் காட்டும், ஆனால் உலர்ந்த மணலில்தான் நன்றாக வேலை செய்யும். வேளச்சேரிப் பக்கத்துக் களிமண்ணில் மழைக்குப் பின் வைத்தால் அரை மீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

கிணற்றடி:
ஐயா, எங்கள் ஊரில் கம்பி பார்ப்பவர் தவறியதை நான் கண்டதில்லை. அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு.

மின்தடம்:
இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். மின்வடக் கருவியும் தவறும். மின்சாரம் ஓடும் வடத்தைத்தான் அது தானாக உணரும். தெருவிளக்கு வடத்தைப் பகலில் தேடினால் கருவி பேசாமல் இருக்கும், ஏனெனில் அப்போது அதில் மின்னோட்டம் இல்லை. அதனால்தான் அலைபரப்பியை வடத்தோடு இணைத்துத் தேடும் இன்னொரு முறையும் இருக்கிறது. கருவி மௌனமாக இருந்தால் கீழே ஒன்றுமில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. கருவி காட்டிய இடத்திலும், காட்டாத இடத்திலும், கையால் சோதனைக் குழி எடுத்த பிறகே இயந்திரத்தை விட வேண்டும். வடம் உறுதியான இடத்திலிருந்து அரை மீட்டருக்குள் ஜேசிபி வாளியே வரக் கூடாது.

தொலைதூரத் தமிழன்:
அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் அந்தந்த நிறுவனத்தார் வந்து, மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை என்று தரையில் வண்ணம் பூசிவிட்டுப் போவார்கள். அங்கே அப்படி ஏற்பாடு எதுவும் இல்லையா?

நிலத்தடி:
2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை ஒன்றிய அரசு தொடங்கியது. தோண்டுபவரையும் நிலத்தடிச் சொத்து உடையவர்களையும் இணைப்பது அதன் நோக்கம். சாலையில் தோண்டும் நிறுவனங்களுக்கு அது பயன்படும். வீட்டு மதிலுக்குள் இருக்கும் குழாய் எந்த வரைபடத்திலும் இருக்காது. உங்கள் நாட்டிலும் 811 அழைத்தவுடன் வருபவர்கள் மீட்டர் வரையிலான தங்கள் குழாயைத்தான் குறிப்பார்கள், வீட்டுக்காரருடைய கழிவுநீர்க் குழாயைப் பெரும்பாலும் குறிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கொத்தனார் மகன்:
புதிய குழாய் போடுவதாக இருந்தால் சரிவை மறக்க வேண்டாம். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம் கொடுப்பது எங்கள் வழக்கம். தெருச் சேம்பரின் அடிமட்டத்தை அளக்காமல் தோண்டினால், கடைசியில் புதுக் குழாய் தெருக் குழாயைவிடத் தாழ்ந்து நிற்கும். மதிலுக்கு வெளியே ஓர் அடி வெட்டுவதானாலும் மாநகராட்சி அனுமதி வேண்டும், பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்குத் தடை போடுவது வழக்கம்.

புதுக்குடித்தனம்:
கடைசிச் சேம்பர் காய்ந்துதான் இருந்தது. கேமரா வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு மூட்டில் வேப்ப மர வேர் முடிக்கற்றை போல இறங்கிக் குழாயை அடைத்திருக்கிறது, மற்ற இடம் தெளிவாக இருக்கிறது. ஜேசிபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மூட்டுக்கு மேலே கையால் தோண்டியபோது செங்கல் வரிசை தெரிந்தது. வேலையை நிறுத்திவிட்டு மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அனைவருக்கும் நன்றி.

மின்தடம்:
நல்லது, தம்பி. அவர்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை செங்கல்லை ஒன்றுகூட எடுக்காதீர்கள், குழியில் நீர் தேங்க விடாதீர்கள், குழந்தைகள் வராதபடி மேலே பலகை போட்டு மூடி வையுங்கள்.

நிலத்தடி:
கேமராவில் வேர் தெரிந்த இடம் எத்தனை மீட்டர் தூரத்தில் என்ற கணக்கையும் காணொளியையும் வாங்கி வைத்தீர்களா? அடுத்தடுத்த மூட்டுகளின் ஓரத்தில் நூல் போல மெல்லிய வேர் தெரிகிறதா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.